பெட்ரோ பான் நடவடிக்கை: தனியே விமானம் ஏறிய கியூபக் குழந்தைகள்

பெட்ரோ பான் நடவடிக்கை (1960–1962) கியூபாவிலிருந்து 14,048 சிறுவர் சிறுமியர் பெற்றோர் துணையின்றி அமெரிக்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்ட நிகழ்வு. 1960 டிசம்பர் 26 அன்று தொடங்கி, 1962 அக்டோபரில் கியூப ஏவுகணை நெருக்கடியால் நின்றது. மயாமி கத்தோலிக்க நலப் பணியகத்தின் இயக்குநராக இருந்த பாதிரியார் பிரையன் வால்ஷ் இதை முன்னின்று நடத்தினார். குழந்தைகள் தனியாக விமானத்தில் சென்ற நிகழ்வுகளில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று. சில மாதப் பிரிவு என்று நம்பியே பெரும்பாலான பெற்றோர் குழந்தைகளை அனுப்பினர். பலருக்கு அது பல ஆண்டுப் பிரிவானது. சிலர் மீண்டும் சந்திக்கவே இல்லை.

பின்னணி

1959 ஜனவரி 1 அன்று கியூபாவின் ஆட்சியாளர் பாட்டிஸ்டா நாட்டைவிட்டு வெளியேறினார். ஃபிடல் காஸ்ட்ரோ தலைமையிலான புரட்சிப் படை ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலங்களும் தொழிற்சாலைகளும் அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகளும் நாட்டுடைமையாயின. தொடக்கத்தில் புரட்சியை வரவேற்ற நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் பல மெல்ல விலகத் தொடங்கின.

1960-ன் பிற்பகுதியில் ஒரு வதந்தி பரவியது. பிள்ளைகள் மீது பெற்றோருக்கு உள்ள சட்ட உரிமையை அரசு தன்வசம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதே அது. இந்த உரிமையை ஸ்பானிய மொழியில் 'பாட்ரியா பொடெஸ்டாட்' என்பர். சிஐஏ பின்னணியில் இயங்கிய ரேடியோ ஸ்வான் என்ற வானொலி இச்செய்தியை ஒலிபரப்பியது. அப்படி ஒரு சட்டத்தின் நகல் என்று சொல்லப்பட்ட தாள்கள் ரகசியமாகக் கைமாறின. உண்மையில் அத்தகைய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

ஆயினும் பெற்றோர் அதை நம்பக் காரணங்கள் இருந்தன. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது 1937–38-ல் ஆயிரக்கணக்கான ஸ்பானியக் குழந்தைகள் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் நெடுங்காலம் திரும்பவில்லை. ஸ்பெயினோடு உறவுத் தொடர்புள்ள கியூபக் குடும்பங்களில் அந்த நினைவு உயிரோடு இருந்தது. 1961-ல் தனியார் பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு நடந்த எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பள்ளிகள் மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் இளையோர் கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களில் பலர் பதின்ம வயதினர். அந்த இயக்கம் லட்சக்கணக்கானோருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் வீட்டைவிட்டுப் பிள்ளை மாதக்கணக்கில் வெளியே இருப்பது, வதந்திக்குச் சான்றாகவே அஞ்சிய பெற்றோருக்குத் தெரிந்தது.

திட்டத்தின் தோற்றம்

பிரையன் வால்ஷ் அயர்லாந்தில் பிறந்தவர். மயாமியில் பணியாற்றிய அவருக்கு அப்போது வயது முப்பது. 1960 நவம்பரில் பெட்ரோ என்ற 15 வயதுச் சிறுவனை ஒருவர் அவரிடம் அழைத்து வந்தார். மயாமியில் உறவினர் வீடுகளில் மாறிமாறித் தங்கியிருந்தவன் அவன். உறவினர்களும் அகதிகளே. அவர்களால் அவனைப் பராமரிக்க முடியவில்லை. இப்படி இன்னும் பல குழந்தைகள் வரக்கூடும் என்று வால்ஷ் கணித்தார். துணையின்றி வரும் குழந்தைகளைப் பராமரிக்க அரசின் நிதி உதவியைக் கோரினார்.

அடுத்த மாதம் ஜேம்ஸ் பேக்கர் வால்ஷைச் சந்தித்தார். பேக்கர் ஹவானாவில் இருந்த ரஸ்டன் அகாடமி என்ற அமெரிக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். அங்குள்ள பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்ப அவரிடம் உதவி கேட்டிருந்தனர். அவர் மயாமியில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்க எண்ணியிருந்தார். வால்ஷ் வேறு வழியைச் சொன்னார். குழந்தைகளைக் கியூபாவிலிருந்து வெளியேற்றும் பொறுப்பை பேக்கர் ஏற்பது, மயாமியில் இறங்கியபின் பராமரிக்கும் பொறுப்பைப் பணியகம் ஏற்பது என்று முடிவாயிற்று. அப்போது அவர்கள் மனத்தில் இருந்த எண்ணிக்கை சுமார் 200 குழந்தைகள்.

1960 டிசம்பர் 26 அன்று முதல் இருவர் வந்தனர். அவர்கள் உடன்பிறந்தவர்கள்.

விசா விலக்குக் கடிதம்

1961 ஜனவரி 3 அன்று அமெரிக்கா கியூபாவுடனான தூதரக உறவை முறித்தது. ஹவானாவில் அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டது. அதன்பின் விசா பெற வழியில்லை. சில குழந்தைகள் பிரிட்டிஷ் விசாவுடன் ஜமைக்காவின் கிங்ஸ்டன் வழியாக அனுப்பப்பட்டனர். இந்த வழி நெடுநாள் நீடிக்கக் கூடியதல்ல.

அமெரிக்க வெளியுறவுத் துறை வழக்கத்துக்கு மாறான ஒரு முடிவை எடுத்தது. 6 முதல் 16 வயது வரையிலான கியூபக் குழந்தைகளுக்கு விசா தேவையில்லை என்று கடிதம் வழங்கும் அதிகாரத்தை வால்ஷுக்கு அளித்தது. 16 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே பாதுகாப்புச் சரிபார்ப்பு வேண்டியிருந்தது. ஓர் அரசு, நாட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையை முப்பது வயதுப் பாதிரியார் ஒருவரின் கையெழுத்துக்கு விட்டுக்கொடுத்தது அரிதான நிகழ்வு.

இக்கடிதங்கள் படியெடுக்கப்பட்டு ரகசியமாகக் கியூபாவுக்குள் சென்றன. ஹவானாவிலிருந்து மயாமிக்குப் பறந்த பான் அமெரிக்கன், கேஎல்எம் விமானங்களில் இந்தக் கடிதத்தோடு வந்த குழந்தைகள் ஏற்றிக்கொள்ளப்பட்டனர்.

கியூபாவுக்குள் கடிதங்களைக் கொண்டு சேர்த்தவர்களில் பாலிட்டா கிராவும் அவர் சகோதரர் ரமோன் கிராவும் முக்கியமானவர்கள். முன்னாள் கியூப அதிபர் ரமோன் கிராவ் சான் மார்ட்டின் இவர்களின் சிற்றப்பா முறை உறவினர். ரஸ்டன் பள்ளியில் பணியாற்றிய பென்னி பவர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் உதவினார். 1938–39-ல் நாஜி ஆட்சியிலிருந்து யூதக் குழந்தைகளைப் பிரிட்டனுக்கு அனுப்பிய பணியில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தவர் அவர். கிராவ் உடன்பிறப்புகள் 1965-ல் அரசுக்கு எதிரான செயல்களுக்காகக் கைது செய்யப்பட்டனர். பாலிட்டா 1978-லும், ரமோன் 1986-லும்தான் விடுதலையாயினர்.

மீன்தொட்டி

ஹவானா விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் பகுதி கண்ணாடிச் சுவரால் பிரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அதை 'லா பெசேரா' என்றனர். மீன்தொட்டி என்பது அதன் பொருள். குழந்தை உள்ளே சென்றபின் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நிற்கவேண்டும். பார்க்கலாம், பேசினால் கேட்காது. சோதனைகள் முடிந்து விமானம் புறப்படச் சில நேரங்களில் பல மணிநேரமாகும். அவ்வளவு நேரமும் இரு தரப்பினரும் கண்ணாடியின் இருபுறமும் கையை வைத்தபடி நின்றதைப் பிற்காலத்தில் பலர் தங்கள் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளனர். இந்த நிகழ்வின் அடையாளமாக இன்று பெரிதும் நினைவுகூரப்படுவது இந்தக் கண்ணாடிச் சுவரே.

குழந்தைகள் கொண்டுசெல்லக்கூடிய உடைமைகளுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. நகையோ பணமோ எடுத்துச்செல்ல முடியாது. 1962-ல் 16 வயதில் தனியே வந்த மிகெல் பெசோஸுக்கு அவருடைய தாய் ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தார். கடையில் துணி கிடைக்காததால் துடைக்கும் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த அங்கி அது. ஃப்ளோரிடா குளிராக இருக்கும் என்று அந்தத் தாய் எண்ணியிருந்தார். பிற்காலத்தில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸை மகனாகத் தத்தெடுத்து வளர்த்தவர் இந்த மிகெல் பெசோஸ்.

ஹவானாவுக்கும் மயாமிக்கும் இடையே ஏறத்தாழ 370 கிலோமீட்டர். பயணம் ஒரு மணிநேர அளவே.

'ஜார்ஜைக் கேள்'

வந்து இறங்கும் குழந்தையை யார் வரவேற்பார் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. மயாமியில் உறவினர் உள்ளவர்கள் உறவினர் பெயரைச் சொல்லி அனுப்பினர். யாரும் இல்லாதவர்கள் ஒரே ஒரு அறிவுரையைச் சொல்லி அனுப்பினர்: விமான நிலையத்தில் ஜார்ஜைக் கேள்.

ஜார்ஜ் குவார்ச் கத்தோலிக்க நலப் பணியகத்தின் ஊழியர். நாள்தோறும் விமான நிலையத்துக்குச் சென்று, ஹவானா விமானங்களில் தனியே வந்த குழந்தைகளைத் தேடி அழைத்துச் செல்வது அவர் பணி. வந்த குழந்தைகளின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தார். பின்னாளில் அந்தப் பதிவேடு இந்நிகழ்வின் முக்கிய ஆவணங்களில் ஒன்றாயிற்று.

வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை உறவினர்களோ குடும்ப நண்பர்களோ அழைத்துச் சென்றனர். மீதிப் பேர் பணியகத்தின் பொறுப்பில் வந்தனர். கத்தோலிக்கர் அல்லாத குழந்தைகளைப் புராட்டஸ்டன்ட், யூத நல அமைப்புகள் ஏற்றன.

முகாம்களும் சிதறலும்

கெண்டல், மட்டெகும்பே, ஃப்ளோரிடா சிட்டி, ஓபா-லாக்கா ஆகிய இடங்களில் தற்காலிக முகாம்கள் அமைந்தன. சிறுமியரும் சிறு பிள்ளைகளும் ஃப்ளோரிடா சிட்டியில் தங்கவைக்கப்பட்டனர். பதின்ம வயதுச் சிறுவர்கள் பெரும்பாலும் மட்டெகும்பேயில் தங்கினர். வாரந்தோறும் புதியவர்கள் வந்ததால் முகாம்கள் நிரம்பின. ஆகவே குழந்தைகள் வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் அவர்கள் சேர்க்கப்பட்டனர். பராமரிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்றது.

இந்தச் சிதறலில் அனுபவங்கள் ஒன்றுபோல் அமையவில்லை. அன்பான வளர்ப்புக் குடும்பங்களை இன்றும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு. குற்றம் செய்த சிறார்களுக்கான இல்லங்களில் வைக்கப்பட்டதையும், அடியும் துன்புறுத்தலும் அனுபவித்ததையும் சொன்னவர்களும் உண்டு. உடன்பிறந்தவர்கள் பிரிக்கப்பட்டதும் நடந்தது.

ஓவியரும் சிற்பியுமான அனா மென்டியெட்டா 1961-ல் 12 வயதில் தன் அக்காவுடன் வந்து, குளிர் மிகுந்த ஐயோவா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டார். தாய் வந்து சேர 1966 ஆயிற்று. கியூபாவில் சிறைப்பட்டிருந்த தந்தை 1979-ல்தான் வந்தார். மண்ணில் மனித உடலின் வடிவைப் பதிக்கும் மென்டியெட்டாவின் கலைப்படைப்புகளில் ஊரை இழந்த துயரை விமர்சகர்கள் காண்கின்றனர். ஃப்ளோரிடாவில் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்த மெல் மார்ட்டினெஸ் பின்னாளில் அமெரிக்க அமைச்சராகவும், 2005 முதல் 2009 வரை செனட் உறுப்பினராகவும் இருந்தார்.

பெயரும் ரகசியமும்

கியூப அரசு கவனித்துவிடக் கூடாது என்பதற்காக இத்திட்டம் ஓராண்டுக்கும் மேலாக வெளியே பேசப்படவில்லை. விவரமறிந்த மயாமி பத்திரிகையாளர்களும் எழுதாமல் இருந்தனர். 1962-ன் தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது. மயாமி ஹெரால்டு இதழின் ஜீன் மில்லர் எழுதிய கட்டுரையில் 'பெட்ரோ பான் நடவடிக்கை' என்ற பெயர் இடம்பெற்று நிலைபெற்றது. பறந்து செல்லும் சிறுவனான பீட்டர் பான் என்ற கதைமாந்தரின் ஸ்பானிய வடிவம் அது. வால்ஷிடம் முதலில் வந்த பெட்ரோவின் பெயரும் அதில் பொருந்தியது.

விமானங்கள் நின்ற நாள்

1962 அக்டோபர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். இரு நாடுகளுக்கும் இடையிலான பயணிகள் விமானங்கள் நின்றன. விசா விலக்குக் கடிதத்தோடு காத்திருந்த குழந்தைகள் அங்கேயே நின்றனர். அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த சில வாரங்களில் வந்துவிடலாம் என்று எண்ணியிருந்த பெற்றோருக்கு நேர்ந்தது. அவர்களுக்கு வழி அடைபட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1965 டிசம்பர் 1 அன்று வரடேரோ நகரிலிருந்து மயாமிக்கு 'விடுதலை விமானங்கள்' தொடங்கின. இரு அரசுகளின் உடன்பாட்டில் 1973 வரை நடந்த இந்த விமானச் சேவையில், அமெரிக்காவில் தனியே இருந்த குழந்தைகளின் பெற்றோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. பணியகத்தின் பொறுப்பில் அப்போதும் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அடுத்த சில மாதங்களில் பெற்றோருடன் சேர்ந்தனர்.

சேர்ந்தபின்னும் எல்லாம் பழையபடி ஆகவில்லை. ஸ்பானிய மொழியை மறந்திருந்த பிள்ளைகள் இருந்தனர். பதினோரு வயதில் விடைபெற்ற பிள்ளை பதினைந்து வயதில் அறிமுகமற்றவராக நின்றார். யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கார்லோஸ் எய்ரே 1962-ல் அண்ணனுடன் வந்தவர். தாயைக் காண அவர் மூன்றாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார். தந்தை கியூபாவிலேயே தங்கிவிட்டார். எய்ரே அவரை மறுபடி பார்க்கவில்லை. ஹவானா குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 2003-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது.

விவாதங்கள்

இந்நிகழ்வைப் பற்றி இரு எதிரெதிர் பார்வைகள் இன்றும் உள்ளன. மயாமியின் கியூபச் சமூகம் இதைக் குழந்தைகளைக் காத்த மீட்புப் பணியாகக் கருதுகிறது. கியூப அரசு இதைப் பொய்ச் செய்தியால் குடும்பங்களைப் பிரித்த சிஐஏ சதியாகக் கருதுகிறது.

ஆறு வயதில் இவ்வாறு அனுப்பப்பட்ட அரசியல் அறிஞர் மரியா டி லோஸ் ஏஞ்செலெஸ் டோரெஸ், ஆவணங்களை வெளியிடக் கோரி 1990-களில் சிஐஏ மீது வழக்குத் தொடுத்தார். ஆவணங்களைப் பார்வையிட்ட நீதிமன்றம், திட்டத்தை நடத்தியது சிஐஏ என்பதற்கு அவற்றில் சான்றில்லை என்றது. வதந்தியைப் பரப்பியதில் ரேடியோ ஸ்வானுக்கு இருந்த பங்கு இதிலிருந்து வேறானது. அதை ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கின்றனர். அச்சத்தை வளர்த்தவர்களும் அஞ்சியவர்களுக்கு உதவியவர்களும் ஒரே ஆட்கள் என்று கொள்ளத் தேவையில்லை என்பதே கிடைத்துள்ள சான்றுகள் காட்டுவது.

எனினும் டோரெஸ் தன் நூலில் எழுப்பும் கேள்வி எஞ்சுகிறது. குழந்தைகளை விரைந்து ஏற்ற அமெரிக்க அரசு, பெற்றோரை ஏன் அதே வேகத்தில் ஏற்கவில்லை? பனிப்போரின் இரு தரப்புகளும் குழந்தைகளைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாகப் பயன்படுத்தின என்பது அவர் கருத்து.

விமான விதிகளின் பார்வையில்

இன்று குழந்தைகள் தனியே விமானத்தில் செல்வது வழக்கமான சேவை. 'துணையற்ற சிறார்' என்ற வகையில் அவர்கள் பதிவு செய்யப்படுகின்றனர். அமெரிக்காவில் இதற்கென மத்திய அரசின் வயது விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தானே விதி வகுக்கிறது. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் 5 முதல் 14 வயது வரை இச்சேவையைக் கட்டாயமாக்கி, தனிக் கட்டணம் பெறுகின்றன. 15 முதல் 17 வயதினருக்கு இது விருப்பத் தேர்வு. இந்திய நிறுவனங்களில் பொதுவாக 5 முதல் 12 வயது வரை என்ற வரம்பு உள்ளது. ஐரோப்பாவின் ரையன்ஏர் 16 வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியே ஏற்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் இச்சேவையை 2016-ல் நிறுத்திக்கொண்டது.

வயது வரம்பு மாறினாலும் படிவத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஏற்றிவிடுபவர் யார், இறங்குமிடத்தில் அழைத்துச் செல்பவர் யார் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதவேண்டும். அழைத்துச் செல்பவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். அதுவரை குழந்தை விமான ஊழியரின் பொறுப்பில் இருக்கும். இத்தனைக்குப் பிறகும் தவறுகள் நேர்கின்றன. 2016-ல் டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட ஐந்து வயதுச் சிறுவர் இருவர் மாற்றி ஏற்றப்பட்டு, நியூயார்க்குக்குச் செல்லவேண்டியவன் பாஸ்டனில் இறங்கினான். சில மணிநேரத்தில் அது சரிசெய்யப்பட்டபோதும் செய்தி பல நாடுகளில் பேசப்பட்டது.

இந்தப் படிவத்தோடு வைத்துப் பார்த்தால் 1961-ன் ஹவானாப் பெற்றோர் எடுத்த முடிவின் அளவு புரியும். அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் அவர்களில் பலரால் எழுத முடிந்தது, முன்பின் பார்த்திராத ஒருவரின் முதற்பெயர் மட்டுமே. திரும்பும் நாள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. விதிகள் இல்லாததால் அவர்கள் அப்படி அனுப்பவில்லை. தங்கள் நாட்டில் பிள்ளை தங்கள் பிள்ளையாக நீடிக்காது என்று நம்பியதால் அனுப்பினர்.

1989-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை இந்த அனுபவங்களைப் போன்றவற்றுக்கு விடையாக இரண்டு பிரிவுகளைக் கொண்டுள்ளது. 9-ஆம் பிரிவு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. 10-ஆம் பிரிவு, பிரிந்த குடும்பம் மீண்டும் சேர்வதற்கான பயண விண்ணப்பங்களை அரசுகள் மனிதநேயத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்கிறது. கியூபா இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்துள்ளது. அமெரிக்கா கையெழுத்திட்டாலும் இன்றுவரை உறுதிசெய்யவில்லை.

பிரையன் வால்ஷ் 2001 டிசம்பரில் மயாமியில் காலமானார். தனியே வந்த குழந்தைகள் இன்று முதியவர்கள். தங்களோடு அதே விமானத்தில் வந்தவர்களையும் அதே முகாமில் இருந்தவர்களையும் தேடும் முயற்சி அவர்களிடையே தொடர்கிறது. அதற்கு அவர்கள் நாடும் ஆவணங்களில் ஒன்று ஜார்ஜ் குவார்ச் எழுதி வைத்த வருகைப் பதிவேடு.